ஆறு கணவாய்கள், ஒரு பகல்

துவிச்சக்கர வண்டியோட்டத்தில் இரு வகை உண்டு. ஒன்று, பிறரை முந்துவதற்கான போட்டி. மற்றையது, குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் சவால் ஓட்டம். இரண்டாவது வகையில் எதிரே நிற்பவர் இன்னொரு மனிதரல்லர். பாதையும் மலையும் கடிகாரமுமே அங்கு எதிராளிகள். இவ்வகை ஓட்டங்களுள் புகழ்பெற்ற ஒன்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தோற்றம்

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பிரதேசம் அமைந்துள்ளது. கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வேர்த் வாழ்ந்த கிராஸ்மியர் கிராமம் இங்குதான் உள்ளது. இப்பிரதேசத்தின் சைக்கிளோட்டக் கழகமொன்றில் உழைத்தவர் பிரெட் விற்றன். அவர் 1998இல், தமது ஐம்பதாவது வயதில், புற்றுநோயால் காலமானார். அவரது நினைவாக 1999இல் பிரெட் விற்றன் சவால் ஆரம்பமானது. புற்றுநோயாளருக்கு உதவும் மக்மிலன் அமைப்புக்கு நிதி திரட்டுவதும் அதன் நோக்கமாயிற்று. நண்பர்கள் தம் துயரத்தைப் பிறருக்குப் பயன்படும் உழைப்பாக மாற்றிய விதம் இங்கு நோக்கத்தக்கது.

பாதை

மொத்தத் தூரம் சுமார் 180 கிலோமீற்றர். கேர்க்ஸ்ரன், ஹொனிஸ்ரர், நியூலண்ட்ஸ், வின்லற்றர், ஹார்ட்நொட், றைனோஸ் ஆகிய ஆறு கணவாய்களையும் ஒரே நாளில் கடக்க வேண்டும். இவற்றுள் உயரமான கேர்க்ஸ்ரன் 454 மீற்றர் மட்டுமே. ஆயினும் ஏறுவதும் இறங்குவதும் மீண்டும் ஏறுவதுமாக, நாள் முழுவதும் ஏறும் உயரத்தின் கூட்டுத்தொகை 3,500 மீற்றரளவில் வந்துவிடுகின்றது.

பாதையின் பெருஞ்சோதனை ஹார்ட்நொட். சுமார் 2.2 கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 300 மீற்றர் உயரும் இவ்வீதி, சில இடங்களில் மூன்று மீற்றருக்கு ஒரு மீற்றர் என்னும் அளவுக்குச் செங்குத்தாகின்றது. அது வருவதோ 150 கிலோமீற்றருக்கும் மேல் ஓடிக் களைத்த பின்னர். காலையில் கேர்க்ஸ்ரனில் உற்சாகத்தோடு பிறரை முந்தியவர், மாலையில் இங்கே கால்கள் மறுத்து நிற்பதுண்டு.

சக்திக் கணக்கு

விஞ்ஞானப் பாடத்தில் கற்ற சூத்திரம் ஒன்று இங்கு உதவும். உயரத்துக்கு ஏறச் செய்யும் வேலை = திணிவு × புவியீர்ப்பு ஆர்முடுகல் × உயரம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். 80 × 9.8 × 3,500 = 27,44,000 யூல். இது ஏறக்குறைய 650 கிலோ கலோரி. ஆனால் நமது தசைகள், உணவிலிருந்து பெறும் சக்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகின்றது. எனவே ஏற்றத்துக்கு மட்டும் 2,600 கிலோ கலோரி வேண்டும். காற்றின் தடையை எதிர்க்கும் செலவு வேறு. உடலில் சேமிக்கப்பட்ட மாச்சத்து இதற்குப் போதாது. ஆதலால் பசி தோன்றுமுன்னரே சிறிது சிறிதாக உண்டும், தாகம் எடுக்குமுன்னரே பருகியும் செல்கின்றனர். வழியில் உணவு நிலையங்களும் உண்டு.

கியரும் அவ்வாறே. முன், பின் பற்சில்லுகள் சம அளவாயின், மிதியை ஒருமுறை சுற்ற, சில்லும் ஒருமுறை சுற்றி வண்டி சுமார் இரண்டு மீற்றர் நகரும். வேகம் குறையும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசையும் குறையும்.

இறக்கமும் இறங்குதலும்

ஏறியதும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. வீதிகள் வளைந்து நெளிந்தும் ஒடுங்கியும் இருக்கின்றன. மழை பெய்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பது அவசியம்.

ஹார்ட்நொட்டில் பலர் வண்டியிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு நடக்கின்றனர். அதனால் அவர்களது ஓட்டம் செல்லாததாகிவிடுவதில்லை. மிக விரைவானோர் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க, பலருக்குப் பத்து மணித்தியாலமும் அதற்கு மேலும் ஆகின்றது. இரு சாராரும் கடந்தவை அதே ஆறு கணவாய்களே.

நமக்குரிய படிப்பினை

தவணை அறிக்கை வீட்டுக்கு வந்ததும் "எத்தனையாம் பிள்ளை?" என்பதே பெரும்பாலும் முதற் கேள்வியாக இருக்கின்றது. அக்கேள்வி பிழையன்று, ஆனால் அது மட்டும் போதாது. கடந்த தவணையில் விளங்காத பாடம் இப்போது விளங்குகின்றதா, பரீட்சைக் காலம் முழுவதற்கும் போதுமான தூக்கமும் உணவும் ஓய்வும் கிடைக்கின்றனவா என்பனவும் கேட்கப்பட வேண்டும். உயர்தரம் என்பதும் நெடுந்தூரப் பாதைதான். அதன் கடினமான ஏற்றம் பெரும்பாலும் இறுதியிலேயே வருகின்றது. அதற்கான பலத்தை மீதம் வைத்திருக்கும் மாணவி, தேவையான இடத்தில் இறங்கி நடந்தாலும், உச்சியை அடைவாள்.