திமிங்கலத் துடுப்பும் மனித யந்திரமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இயற்கையைப் பார்த்து மனிதன் யந்திரம் செய்யக் கற்றுக்கொள்கிறான் என்ற செய்தி கேட்பதற்கு மிகவும் இனிமையானது. இனிமையாக இருப்பதனாலேயே அது ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைத்தெருவிலும், கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளிலும் இப்போது உலவுகிற கதை இது: திமிங்கலத்தின் துடுப்பில் புடைப்புகள் உண்டு, அவற்றால்தான் அது அத்தனை வேகமாக நீந்துகிறது, அந்தப் புடைப்புகளைக் காற்றாலை இறக்கையில் வைத்தவுடனே 32 சதவீதம் சக்தி மிச்சமாகிவிட்டது, நம் ஊர் உணவு மையங்களில் சுழலும் ராட்சத மின்விசிறிகளும், போர்ட் கிள்ளானுக்கு வரும் கப்பல்களின் மூக்கும்கூட அந்த ஜலசரங்களைப் பார்த்துச் செய்தவையே. இக்கதையின் உள்ளே மெய்யான கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. அது கதையைக் காட்டிலும் அழகானது என்பது என் அபிப்பிராயம். அதை மூடியிருக்கும் மிகையை அகற்றினாலன்றி அதன் அழகு கண்ணில் படாது.

துடுப்பு என்னும் உறுப்பிலிருந்தே தொடங்கவேண்டும், ஏனெனில் பிழை அங்கேயே தொடங்குகிறது. திமிங்கலமும் டால்பினும் ஒருவகைப் பெரிய மீன்களே என்றும், அவற்றின் துடுப்பும் மீன் துடுப்பே என்றும் கருதுவோர் இன்னும் பலர். 1892-ஆம் ஆண்டில் மலாக்காவுக்குத் தெற்கே சா பாத்து என்னும் கரையில் பெருந்திமிங்கலம் ஒன்று ஒதுங்கியது. 42 அடி நீளமுள்ள அதன் எலும்புக்கூடு 1907 முதல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அரும்பொருட்காட்சிச் சாலையில் இருந்து, 1974-இல் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாக வந்து, பிற்பாடு லாபுவானுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அந்தக் கட்டடத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அத்தகைய எலும்புக்கூடு எதன் முன்னேயாவது நின்று துடுப்பு இருக்கவேண்டிய இடத்தை உற்று நோக்கினால் காண்பது மீன் முள்ளன்று, கை: தோளிலிருந்து இறங்கும் குட்டையான பருத்த எலும்பு, அதனடியில் இரண்டு முன்கை எலும்புகள், மணிக்கட்டின் சிறு எலும்புகள், அப்பால் நீண்டு செல்லும் விரல்கள். கட்டைவிரல் நீங்கலாக நம் விரல் ஒவ்வொன்றிலும் மூன்று எலும்புகள் என்றால், திமிங்கலத்தின் நடுவிரல்களில் அதைவிட அதிகம். முழங்கை மடங்காது, தோளில் மட்டுமே அசைவு. நிலத்தில் நடந்த பாலூட்டியின் முன்னங்கால் யுகயுகமாக விருத்தியடைந்து விறைத்த இறக்கையாகிவிட்டது.

அந்த இறக்கையை வலித்துக்கொண்டு அவை முன்னேறுகின்றன என்று நினைப்பதும் தவறு. உந்துவது வால், அது மீனின் வாலைப் போல இடவலமாக அன்றி மேலும் கீழுமாக அசைகிறது. முன் துடுப்பின் தொழில் உடலைச் சமன்செய்வதும் திருப்புவதுமே. புடைப்பின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

மேலும், எல்லாத் திமிங்கலத்துக்கும் இப்புடைப்பு இல்லை. கூன்முதுகுத் திமிங்கலம் என்னும் ஒரே இனத்துக்குத்தான் முன்விளிம்பில் வரிசையாகப் புடைப்புகள் கொண்ட துடுப்பு இருக்கிறது. அத்துடுப்பின் நீளமும் அசாதாரணமானது, உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. லங்காவிக் கடலில் மேர்செட் என்னும் ஆய்வு அமைப்பினர் ஆராய்ந்துவரும் கூன்முதுகு டால்பின், பெயரில் ஓரளவு ஒற்றுமை இருப்பதால், இதனோடு சேர்த்துப் பேசப்படுவதுண்டு. அதன் துடுப்பு வழுவழுப்பானது, அது வேறு ஜீவன்.

இனி கண்டுபிடிப்பின் வரலாறு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிராணிகளின் நீந்தும் முறையை ஆராயும் பேராசிரியர் ஃபிராங்க் ஃபிஷ், பாஸ்டன் நகரத்துக் கடையொன்றில் கூன்முதுகுத் திமிங்கலத்தின் சிற்பத்தைக் கண்டு, புடைப்புகளைத் துடுப்பின் முன்விளிம்பில் வைத்திருக்கிறானே, சிற்பி பிழை செய்துவிட்டான் என்று எண்ணினாராம். ஏனெனில் நீரையும் காற்றையும் எதிர்கொள்ளும் விளிம்பு வழுவழுப்பாக இருக்கவேண்டும் என்பதே அக்காலத்துச் சாஸ்திரம். சிற்பி பிழை செய்யவில்லை. அந்த ஐயத்திலிருந்து பிறந்த ஆராய்ச்சியில், கரையொதுங்கி இறந்த திமிங்கலத்தின் துடுப்பைத் துண்டு துண்டாக அறுத்து ஒவ்வொன்றின் குறுக்குவெட்டு வடிவத்தையும் அளந்து, ஆகாய விமான இறக்கையின் வடிவத்தோடு அது ஒத்திருப்பதை 1995-இல் அவரும் அவருடைய சகாவும் வெளியிட்டார்கள். பின்னர் 2004-இல் மிக்லோசோவிக், மரே, ஹவுல், ஃபிஷ் ஆகிய நால்வரும் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் புடைப்புள்ள துடுப்பு மாதிரி ஒன்றையும் புடைப்பில்லாத மாதிரி ஒன்றையும் பரீட்சித்தபோது கிடைத்த முடிவே இன்று ஊர் ஊராகத் திரிகிறது.

அம்முடிவு என்ன என்பதை விளங்கிக்கொள்ள, கூட்டரசு நெடுஞ்சாலையில் விரையும் மோட்டார் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே சிறுவயதில் கையை நீட்டி விளையாடிய அனுபவமே போதும். உள்ளங்கையைக் காற்றுக்குச் சற்றே சாய்த்தால் கை மேலே எழும்பும். இன்னும் சாய்த்தால் இன்னும் எழும்பும். ஓர் அளவுக்கு மேல் சாய்த்தவுடன் எழுச்சி நின்றுபோய், காற்று கையைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கும். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று அங்கே பிடிவிட்டுப் பிரிந்து கலங்கிவிடுவதே காரணம். விமானி அஞ்சுவது இந்தக் கோணத்தைத்தான். மாதிரித் துடுப்பில் புடைப்புகள் இருந்தபோது இந்தப் பிடிவிடும் கோணம் ஏறத்தாழ 40 சதவீதம் தள்ளிப்போயிற்று. புடைப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் புகும் நீரோ காற்றோ எதிரெதிராகச் சுழலும் சுழல்களாக மாறி, மந்தமடைந்து கிடக்கும் மேற்பரப்பு ஓட்டத்துக்கு வேகமூட்டுகிறது. அதனால் புடைப்புகளின் பின்னால் ஓடும் ஓட்டம் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளங்களின் பின்னால் பிரிவு தொடங்கினாலும் அது இறக்கை முழுவதற்கும் ஒரே கணத்தில் பரவுவதில்லை. குமிழிகளை வட்டமாக விட்டு மீன் கூட்டத்தை வளைத்து, சட்டென்று திரும்பி அதன் நடுவே பாயும் அந்தப் பெரும் பிராணிக்கு, துடுப்பைச் செங்குத்தாகச் சாய்த்தும் பிடி தவறாமலிருப்பது இரை கிடைப்பதற்கும் கிடைக்காமற்போவதற்கும் உள்ள வித்தியாசம்.

32 சதவீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது? பின்னிழுக்கும் எதிர்ப்பு அந்தப் பரீட்சையில் 32 சதவீதம் வரை குறைந்தது மெய்தான். ஆனால் எங்கே குறைந்தது? வழுவழுப்பான துடுப்பு பிடிவிடும் தறுவாயிலும் பிடிவிட்ட பின்பும் உள்ள செங்குத்தான கோணங்களில், அவற்றிலும் உச்ச அளவாக. நேராக நீந்தும் சாதாரணக் கோணங்களில் அந்த லாபம் இல்லை. 2007-இல் ஜோஹாரியும் அவருடைய சகாக்களும் நீண்ட இறக்கை மாதிரியில் செய்த பரீட்சைகளில், பிடிவிடும் கோணத்துக்குக் கீழே புடைப்புகள் தூக்குவிசையைக் குறைத்து எதிர்ப்பைக் கூட்டவே செய்தன; அக்கோணத்தைத் தாண்டிய பிறகோ தூக்குவிசை 50 சதவீதம் வரை அதிகமாயிற்று. ஆகவே புடைப்பு வேகத்தின் உபகரணமன்று, திருப்பத்தின் உபகரணம். ஓட்டத்தில் சிறிது கொடுத்து வளைவில் மிகுதியாகப் பெறும் ஏற்பாடு. நிபந்தனையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவது அந்த நால்வருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த விதி தெரிந்தால் எங்கே அது பயன்பட்டது, எங்கே பயன்படவில்லை என்பது தானே விளங்கும். கனடாவின் டொராண்டோ நகரத்து வேல்பவர் நிறுவனம் புடைப்பு இறக்கையைக் காற்றாலையில் சோதித்தது. தொழிற்கூடங்களில் மாட்டும் பெரிய கூரை மின்விசிறியாகவும் அது விற்பனைக்கு வந்தது. ஆயினும் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் மலைக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளையோ, உலகின் மற்றப் பெரிய காற்றாலைகளையோ பார்த்தால் இறக்கை விளிம்பு வழுவழுப்பாகவே இருக்கும். இன்றைய பெரிய காற்றாலை, காற்று மிகும்போது தன் இறக்கையைத் தானே திருப்பிப் பிடிவிடாத கோணத்தில் வைத்துக்கொள்கிறது. வராத ஆபத்துக்கு மருந்து எதற்கு? சிலவற்றின் பின்விளிம்பில் ரம்பப் பல் போன்ற அமைப்பு தென்படலாம். அது இரைச்சலைக் குறைப்பதற்கானது. அதற்கு ஆசான் ஆந்தை.

நம் ஊர் உணவு மையங்களின் ராட்சத மின்விசிறியும் அப்படியே. அந்த வகை அமெரிக்க மாட்டுப் பண்ணைகளின் வெப்பத்தைத் தணிக்கத் தோன்றியது. திமிங்கலத்துக்கும் அதற்கும் உறவில்லை. விசிறி நிற்கும் வேளையில் அண்ணாந்து பாருங்கள்: காற்றை முதலில் வெட்டும் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு கூடிய தூசி கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும், அக்கோடு நேர்கோடாக இருக்கும். புடைப்பு இருந்தால் கோடும் அலையலையாக நெளிந்திருக்க வேண்டுமே.

புடைப்பின் தத்துவம் தனக்குரிய இடத்தைக் கண்டது ஹெலிகாப்டரில் என்பேன். விரைந்து பறக்கையில் பின்னோக்கி வரும் பக்கத்து இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் செங்குத்தான கோணத்தை எட்டிப் பிடிவிட நேர்கிறது. அதனால் எழும் அதிர்வு இயந்திரம் முழுவதையும் உலுக்குகிறது. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தார் கூன்முதுகுத் திமிங்கலத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ரப்பர் பொட்டுகளை, இறக்கைக்கு 186 வீதம், முன்விளிம்பில் ஒட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பொட்டின் எடை 0.04 கிராம். பழைய ஹெலிகாப்டரிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

டால்பினைப் பற்றிய நம்பிக்கை வேறு திசையில் மிகைப்பட்டது. 1936-இல் ஆங்கில விலங்கியலாளர் ஜேம்ஸ் கிரே, டால்பின் அத்தனை வேகத்தில் நீந்துவதற்கு அதன் தசைக்கு இருப்பதாக எண்ணப்பட்டதைப்போல் ஏழு மடங்கு பலம் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார். ஆகவே அதன் தோலில் ஏதோ மாயம் இருக்கவேண்டும் என்ற அனுமானம் வேரூன்றியது. 1950-களின் இறுதியில் மாக்ஸ் கிராமர் அத்தோலைப் போன்ற ரப்பர் உறையைச் செய்து எதிர்ப்பு பாதிக்கு மேல் குறைந்ததாக அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அப்பலன் கிட்டவில்லை. கடைசியில் அதே ஃபிராங்க் ஃபிஷும் அவருடைய சகாக்களும் டால்பின்களைச் சிறு நீர்க்குமிழித் திரையினூடே நீந்தவிட்டு, வால் தள்ளிய நீரின் ஓட்டத்தை அளந்து, அதன் தசைக்கே போதிய பலம் உண்டென்று 2014-இல் காட்டினார்கள்.

கப்பலின் மூக்கு மட்டும் மீதி. போர்ட் கிள்ளானிலிருந்து பூலாவ் கெத்தாமுக்குப் படகில் போகிறவர்கள், சரக்கு இறக்கி இலேசாகி உயர்ந்து நிற்கும் கப்பலின் முகப்பில், நீர்மட்டத்தருகே சிவப்பு வர்ணம் பூசிய உருண்டை முன்னே துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். டால்பின் மூக்கைப் பார்த்து அமைத்தது என்று அதைச் சொல்வது வழக்கம். உண்மையில் அது அமெரிக்கக் கடற்படைப் பொறியியலாளர் டேவிட் டெய்லர் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்து இழுத்துப் பார்த்துக் கண்டது. 1910-இல் பணியில் சேர்ந்த டெலாவேர் போர்க்கப்பலில் அமைக்கப்பட்டது. உருண்டை தானாக ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலையின் பள்ளம் கப்பலின் முகப்பு எழுப்பும் அலையின் மேட்டோடு பொருந்தி அதை அழிக்கிறது. இந்தப் பொருத்தமும் குறிப்பிட்ட வேகத்துக்கும் ஆழத்துக்கும் மட்டுமே உரியது. எரிபொருள் விலையேறி, கப்பல்களை மெதுவாகச் செலுத்துவது வழக்கமானபோது, மேர்ஸ்க் போன்ற பெரிய நிறுவனங்கள் அதிவேகத்துக்கென்று அமைத்த மூக்கை வெட்டி எடுத்துவிட்டு, குறைந்த வேகத்துக்கு ஏற்ற வேறு மூக்கைப் பொருத்திக்கொண்டன.