எஞ்சின் சுற்றுகிறது; ஆனால் பிடிக்கவில்லை! காரணம் அறிவது எப்படி?

கொல்லிமலையின் தேவனூர் நாட்டிலும் அதை அடுத்த நாடுகளிலும் விளையும் மரவள்ளி, மிளகு, காப்பி, அன்னாசி, வாழை ஆகியவை விலை போக வேண்டுமானால் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். அடிவாரமான காரவல்லி செல்லும் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு, மூன்று நாட்களிலேயே உள்ளே கறுப்புக் கோடுகள் ஓடிக் கெடத் தொடங்கிவிடும். கிழங்கை ஏற்றிய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நட்டம் உழவருக்கே. எனவே சொந்த வண்டி, பவர் டில்லர் அல்லது ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் கோளாறை இனம் காணும் முறையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று

ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றுகிறது; ஆனால் எஞ்சின் தானாக ஓடவில்லை என்றால், காற்று, எண்ணெய், சூடு ஆகிய மூன்றில் ஒன்று குறைகிறது என்று பொருள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த இடத்தில் அழுத்துகிறது. அதனால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியே பீய்ச்சப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது.

கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றின் அழுத்தம் சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. விடியற்காலைக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, தேய்ந்த எஞ்சின் நாமக்கல்லில் ஸ்டார்ட் ஆனாலும் மலைமேல் அடம் பிடிப்பதில் வியப்பில்லை.

புகையைப் பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், ஒருவரை எஞ்சினைச் சுற்றச் சொல்லி, மற்றொருவர் புகைக்குழாயைக் கவனிக்க வேண்டும்.

1. புகையே இல்லை: டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை.
2. வெண்புகை வருகிறது: டீசல் போகிறது, எரியும் அளவுக்குச் சூடு இல்லை.
3. கரும்புகை வருகிறது: டீசல் எரிகிறது, போதிய காற்று இல்லை.

இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

புகை இல்லையென்றால்

முதலில் டாங்கியைப் பார்க்கவும். டாங்கியில் டீசல் குறைவாக இருந்து, வண்டி சரிவில் நின்றால், டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சும் குழாய்க்கு எட்டாமல் போகும். மலைப்பகுதியில் இதை மறக்கக் கூடாது. அடுத்து, எஞ்சினை நிறுத்தும் கம்பி இழுத்தபடியே உள்ளதா, டீசல் குழாய் திறந்துள்ளதா என்று பார்க்கவும். பின்னர் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரையும் கசடையும் வடிக்கவும்.

டீசல் முழுவதும் தீர்ந்து மீண்டும் நிரப்பியிருந்தாலும், ஃபில்டரை மாற்றியிருந்தாலும் குழாயில் காற்று அடைத்திருக்கும். இதையே ‘ஏர் லாக்’ என்கிறோம். பழைய வகைப் பம்பு உள்ள எஞ்சினில் கீழ்க்கண்டவாறு காற்றை வெளியேற்றலாம்.

அ. ஃபில்டர் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தவும்.
ஆ. கைப்பம்பை அடிக்கவும். கைப்பம்பு இல்லாத, டாங்கி உயரத்தில் உள்ள எஞ்சினில் டீசல் தானே இறங்கும்.
இ. குமிழிகள் நின்று தெளிவான டீசல் வந்ததும் திருகை இறுக்கவும்.
ஈ. டீசல் பம்பின் மேலுள்ள திருகிலும் இவ்வாறே செய்யவும்.

நாசில் பீய்ச்சும் டீசலுக்கு நேராகக் கையை வைக்கவே கூடாது. பழைய வகை எஞ்சின்களிலும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எச்சரிக்கை: இக்காலப் பிக்கப் வண்டிகளிலும் கார்களிலும் உள்ள ‘காமன் ரெயில்’ முறையில் அழுத்தம் இதைப்போல் பல மடங்கு அதிகம். அவற்றின் அழுத்தக் குழாய்களைத் தளர்த்தக் கூடாது. ஃபில்டர் நீரை வடிப்பதோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கை அழைக்கவும்.

வெண்புகை வந்தால்

எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் சூடு பிறக்காது. பேட்டரி முனைகளில் பூத்துள்ள பச்சை, வெள்ளைப் படிவைச் சுரண்டி, கவ்விகளை இறுக்கவும். எஞ்சினோடு இணையும் எர்த் கம்பியையும் பார்க்கவும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில், சாவியைப் பாதி திருப்பி, சுருள் வடிவ விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கையால் சுற்றும் ஆயில் எஞ்சினில், டிகம்ப்ரஷன் லீவரை இறக்கிவிட்டு, எஞ்சினை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நன்றாக எதிர்த்துத் தள்ள வேண்டும். எளிதாகச் சுற்றினால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்துள்ளது. பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதான். ரேடியேட்டரில் நீர் அடிக்கடி குறைந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம்.

காற்றுக் குழாயில் பெட்ரோலோ ஈதரோ தெளித்து ஸ்டார்ட் செய்வது தவறு. பிஸ்டனும் ரிங்கும் உடைவதுடன் தீ விபத்தும் நேரலாம்.

கரும்புகை வந்தால்

காற்று ஃபில்டரைக் கழற்றித் தூசியைத் தட்டவும். நெடுநாள் நிறுத்தியிருந்த எஞ்சினில் குளவி கூடு கட்டியோ எலி குப்பை சேர்த்தோ காற்று வழி அடைபட்டிருக்கும்.

பெட்ரோல் எஞ்சினில்

களை எடுக்கும் கருவி, விசைத் தெளிப்பான் போன்றவற்றில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது அல்லது தீப்பொறி வரவில்லை. துடைத்து உலர்த்தி, சோக்கைத் திறந்து முயலவும். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டரில் அடைப்பு இருக்கும். பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புதிய கார்களில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு தொடர்ந்து மின்னினால், சாவியை வண்டி ஏற்கவில்லை என்று பொருள். மாற்றுச் சாவியால் முயலவும்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யாதீர்

மலையில் பலர் வண்டியைச் சரிவில் உருட்டி, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்கின்றனர். இது உயிருக்கு ஆபத்து. எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடமே பெரும்பாலான வண்டிகளில் பிரேக்குக்குத் துணை செய்கிறது. எஞ்சின் ஓடாதபோது இரண்டு, மூன்று முறை மிதித்தாலே பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். கிழங்குச் சுமையோடு வளைவில் இறங்கும் வண்டியை அப்போது எவராலும் நிறுத்த இயலாது. எஞ்சின் பிடிக்கவில்லையெனில், கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்திற்குக் கல் கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

ஸ்டார்ட்டரையும் ஒரு முறைக்கு 10 விநாடிகளுக்கு மேல் சுற்ற வேண்டாம். ஒரு நிமிடம் இடைவெளி விடவும். இல்லையேல் பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து பழுதாகும்.

வருமுன் காக்க

* மாலையிலேயே டாங்கியை நிரப்பவும். காலியான டாங்கியில் இரவுப் பனியின் ஈரம் நீராகப் படியும்.
* கேனில் வாங்கிய டீசலை ஒரு நாள் தெளியவிட்டு, வடிகட்டி ஊற்றவும்; அடிக்கசடைச் சேர்க்க வேண்டாம்.
* மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஃபில்டர் நீரை வடிக்கவும்.
* எண்ணெய் அளவு காட்டும் முள் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது வண்டியைச் சரிவில் நிறுத்த வேண்டாம்.

புகை இல்லையேல் எண்ணெய், வெண்புகையெனில் சூடு, கரும்புகையெனில் காற்று. இம்மூன்றையும் நினைவில் வைத்து வரிசையாகச் சோதித்தால் பல கோளாறுகளைத் தோட்டத்திலேயே நீக்கிவிடலாம். மீறிய கோளாறாயினும், எந்தப் புகை வந்தது என்று மெக்கானிக்கிடம் சொன்னால், தேவையற்ற உதிரிப் பாகங்களுக்குச் செலவிடுவது தவிர்க்கப்படும்.