பிளாஸ்டிக்குக்கும் வர்ணப்பூச்சுக்கும் துணையாகும் அமிலங்களும் எஸ்டர்களும்

எவ்வளவு சிறந்த பண்டமாயினும் அது தனித்து நின்று முழுப்பயன் தருதல் அரிது. சோற்றுக்கு வேண்டும் உப்பு மிகச் சிறிதே. ஆயினும் அச்சிறிது இல்லையேல் உணவு சுவைபடாது. இரசாயனத் தொழில்களிலும் இவ்வுண்மையையே காண்கின்றோம். வீட்டுக்குத் தண்ணீர் கொணரும் விறைத்த குழாயும், மின்சாரக் கம்பியின்மீது போர்த்திய வளையும் உறையும் பாலிவினைல் குளோரைடு என்னும் ஒரே பதார்த்தத்தால் ஆகியவை. ஒன்று விறைத்து நிற்பதும் மற்றொன்று துவண்டு வளைவதும் எதனால்? பின்னதில் கலந்துள்ள எஸ்டர் என்னும் துணைப்பொருளாலேயாம். இத்தகைய துணைப்பொருள்கள் எவ்வாறு தொழில் செய்கின்றன, அவற்றால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் சொற்களின் பொருளைத் தெளிவோம். காடியிலுள்ள அசெட்டிக் அமிலமும், புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலமும், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கரியணு ஒன்றும் பிராணவாயு அணு இரண்டும் ஹைட்ரஜன் அணு ஒன்றும் சேர்ந்த கார்பாக்ஸில் என்னும் தொகுதி இவையனைத்திலும் உண்டு. ஆதலின் இவை கார்பாக்ஸிலிக் அமிலங்கள் எனப்படும். இவ்வமிலம் ஒரு மதுசாரத்தோடு கூடி, நீர் மூலக்கூறு ஒன்றை நீக்கி நிற்கும்போது உண்டாகும் பொருளே எஸ்டர். அசெட்டிக் அமிலத்தையும் மதுசாரத்தையும் சோதனைக் குழாயிலிட்டு, கந்தகத் திராவகம் சில துளி சேர்த்து மெல்லச் சூடாக்கினால் பழத்தின் நறுமணம் எழுவதை நம் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் அறிந்திருப்பர். அம்மணம் எஸ்டரின் மணமே. இங்கே ஒன்றை மனத்திற் பதித்தல் வேண்டும். இச்செயல் இருவழிச் செயலாகும். அமிலமும் மதுசாரமும் கூடி எஸ்டரும் நீரும் ஆதல் போலவே, எஸ்டரும் நீரும் கூடி மீண்டும் அமிலமும் மதுசாரமும் ஆகக்கூடும். பின்னர்க் கூறப்போகும் பல செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

இனி, பிளாஸ்டிக்கை எஸ்டர் இளக்கும் விதத்தைக் காண்போம். பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் திரள். பாலிவினைல் குளோரைடின் சங்கிலிகள் குளோரின் அணுக்களின் காரணமாக ஒன்றையொன்று வலுவாய் இழுத்துக்கொண்டிருக்கும். ஏறக்குறைய 80 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வரும் வரையில் அவை அசையமாட்டா. ஆகவே அப்பொருள் சாதாரண உஷ்ணத்தில் விறைத்திருக்கும். தக்க எஸ்டரைச் சேர்த்துச் சூடாக்கிப் பிசைந்தால், அதன் சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளின் இடையே புகுந்து அவற்றை விலக்கி நிறுத்தும். அப்போது சங்கிலிகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி நகரும், பொருள் இளகும். 1926-இல் அமெரிக்காவில் குட்ரிச் ரப்பர்க் கம்பெனியில் பணியாற்றிய வால்டோ செமன் என்பார் இவ்வழியைக் கண்டார். அதுவரை பெரும்பயனற்றதென்று கருதப்பட்ட அப்பதார்த்தம் அதன் பின்னரே உலகெங்கும் பரவலாயிற்று.

எந்த எஸ்டரும் இவ்வேலைக்கு உதவுமோவெனின், உதவாது. பழமணம் வீசும் எத்தில் அசெட்டேட்டு சில நிமிஷங்களில் ஆவியாய்ப் போய்விடும். பின்னர்ப் பொருள் பழையபடி விறைத்துவிடும். ஆகவே மூலக்கூறு பெரிதாயிருத்தல் வேண்டும். மிகப் பெரிதாயின் சங்கிலிகளின் இடையே புகுதல் அரிதாகும். சேராது வெளியே கசியும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று நெடுங்காலம் ஆட்சி செலுத்தியவை தாலிக் அமிலத்தின் எஸ்டர்கள். அவற்றின் எஸ்டர்த் தொகுதி பிளாஸ்டிக்கின் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும். நீண்ட கரிவால்கள் இடைவெளியை உண்டாக்கும். பற்றுதலும் விலக்குதலும் ஒரே மூலக்கூறில் அமைந்திருத்தலே இதன் சிறப்பு.

கடுங்குளிரிலும் பொருள் வெடியாதிருக்க வேண்டுமாயின் அடிப்பிக், செபாஸிக் என்னும் அமிலங்களின் எஸ்டர்களைச் சேர்ப்பர். இவற்றுள் செபாஸிக் அமிலம் நமக்கு அந்நியமானதன்று. ஆமணக்கெண்ணெயைக் காரத்தோடு மிகச் சூடாக்கிப் பிளந்தால் கிடைப்பது அது. ஆமணக்கை மிகுதியாய் விளைவிக்கும் நாடு நமது இந்தியாவே. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த எண்ணெயிலிருந்து, குளிர்நாட்டு யந்திரங்களிலே இளகி நிற்கும் உறைகளுக்கு வேண்டிய பொருள் பிறப்பது வியப்பன்றோ!

அடுத்து, வர்ணப்பூச்சுகளை எடுத்துக்கொள்வோம். ஆளிவிதை எண்ணெய் தொன்றுதொட்டு வர்ணங்களுக்கு உதவி வருகின்றது. அதுவும் ஓர் எஸ்டரே: கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலங்கள் கூடியது. அது உலர்வது நீர் உலர்வதுபோன்று ஆவியாகியன்று. அவ்வமிலங்களிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்று, மூலக்கூறோடு மூலக்கூறைத் தொடுத்து வலைபோலாக்கும். ஆகவே உலர்ந்த எண்ணெய்ப் பூச்சின் எடை குறைவதற்குப் பதிலாக முதலிற் கூடுகின்றது. இச்செயலை விரைவாக்கக் கோபால்ட்டு முதலிய உலோகங்களைக் கரிம அமிலங்களோடு கூட்டிய உப்புகளைச் சிறிதளவு சேர்ப்பர். உலோகம் தனித்து எண்ணெயிற் கரையாது. அமிலத்தின் நீண்ட வால் அதனைக் கரையச் செய்கின்றது.

1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த கீன்லே என்பார், தாலிக் அமிலம், கிளிசரின், எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் ஆகிய மூன்றையும் இணைத்து ஆல்கிட் என்னும் பிசினை அமைத்தார். மதுசாரத்தையும் அமிலத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கூட்டியே அப்பெயர் இடப்பட்டது. இப்பிசினைச் சமைக்கும்போது தொழிற்சாலையில் அடிக்கடி அமில எண்ணை அளந்து பார்ப்பர். ஒரு கிராம் பிசினிலுள்ள அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு வேண்டும் என்பதே அவ்வெண். எஸ்டர் உண்டாக உண்டாக அது குறைந்துகொண்டே வரும். சிறிது அமிலம் எஞ்சியிருப்பது நன்று. வர்ணப்பொடியைப் பிசின் நன்கு நனைத்துப் பற்ற அது உதவும். மிகுதியாய் எஞ்சினால், துத்தநாக ஆக்ஸைடு போன்ற பொடிகளோடு கூடிச் சோப்பாகி, வர்ணம் டப்பாவிலேயே கூழாகிவிடும். நீரிற் கலந்து பூசும் அக்ரிலிக் வர்ணங்களிலும் இதே நியாயந்தான். சங்கிலியிற் சிறிதளவு அக்ரிலிக் அமிலம் சேர்ந்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று திரளாது நிற்கும். பூச்சும் சுவரை நன்கு பற்றும். அளவு மீறினால் மழைநீருக்கு அப்பூச்சு தாங்காது. அளவறிந்து சேர்ப்பதே இத்தொழிலின் உயிர்நாடி என்க.

அமிலத்தின் மற்றொரு தொண்டையும் குறித்தல் தகும். பிளாஸ்டிக்கின் விலையைக் குறைக்கவும் அதனை உறுதியாக்கவும் சுண்ணாம்புக்கல்லின் பொடியைச் சேர்ப்பதுண்டு. கல்லும் எண்ணெய்த்தன்மையுள்ள பிளாஸ்டிக்கும் இயல்பில் ஒட்டா. பொடியின்மீது ஸ்டீயரிக் அமிலத்தைச் சிறிது தடவினால், அதன் அமிலமுனை கால்சியத்தைப் பற்றிக்கொள்ள, கரிவால் வெளிப்புறம் நீட்டி நிற்கும். அப்போது கல்லும் எண்ணெய்த்தன்மை பெற்றுப் பிளாஸ்டிக்கோடு இனிது கலக்கும். பகைவர் இருவரிடையே இருவர் மொழியும் அறிந்த ஒருவன் தூது நிற்பது போன்றது இது.

இதுகாறும் நன்மையைக் கூறினோம். தீமையைக் கூறாது விடுதல் அறிஞர் நெறியன்று. இளக்கும் எஸ்டர் பிளாஸ்டிக்கோடு இரசாயனப் பிணைப்புக் கொள்வதில்லை. இடையே தங்கியிருப்பது மட்டுமே. தங்கியிருப்பது வெளியேறவும் கூடும். எண்ணெய்ப் பண்டம் பட்டால் அதிற் கரைந்து செல்லும். குழந்தை வாயிலிட்டுச் சப்பினால் உமிழ்நீரோடு செல்லும். தாலிக் அமில எஸ்டர்கள் சில, பிராணிகளிற் செய்த சோதனைகளில் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைத் தடுப்பதாகக் காணப்பட்டன. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் தற்காலிகமாகவும் 2005-இல் நிரந்தரமாகவும் விளையாட்டுப் பொருள்களில் அவற்றைத் தடுத்தது. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றுள் மூன்று எஸ்டர்கள் குழந்தைகளின் பொம்மைகளில் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேற்படலாகாது என்று விதித்தது. வர்ணங்களில் உலர்த்தியாகவும் நிறப்பொடியாகவும் சேர்ந்த ஈயத்தின் உப்புகளும் இத்தகையனவே. நம் நாட்டில் 2016-இல் வகுத்த விதிகள், வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுத்து, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தன.

ஆயினும் எல்லாவிடத்தும் தடைசெய்தால் முடிந்ததென்று கருதுதல் பிழையாகும். இரத்தத்தைச் சேமித்து வைக்கும் பிளாஸ்டிக் பையில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாலிக் அமில எஸ்டரேயாம். அது இரத்தத்திற் சிறிது கசிவது உண்மை. ஆனால் கசிந்த அவ்வெஸ்டரே சிவப்பணுக்களின் தோலிற் படிந்து அவை சிதையாது காக்கின்றது. அதனை நீக்கினால் இரத்தம் நெடுநாள் நில்லாது. நோயாளியின் உயிர் ஒருபுறமும், கசியும் எஸ்டரின் கேடு மறுபுறமும் நிற்கத் துலாக்கோல் பிடிப்பது எளிதன்று. சிட்ரிக் அமிலத்தின் எஸ்டர்களும் வேறு சிலவும் மாற்றாக வந்துள்ளன. அவற்றையும் சிவப்பணுக்களோடு வைத்துச் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும்.

மற்றொரு கேடு, முன்னர்க் கூறிய இருவழிச் செயலால் விளைவது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுச் சுருளுக்கு மாற்றாகச் சினிமாப் படங்களுக்கு வந்தது செல்லுலோஸ் அசெட்டேட்டு. இதுவும் ஓர் எஸ்டர். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்தால் நீர் அதனைப் பிளந்து அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். வெளிவந்த அமிலமே மேலும் பிளத்தலை விரைவாக்கும். சுருளில் காடியின் நெடி வீசும். பின்னர் அது சுருங்கி நொறுங்கும். இக்கேட்டைப் பற்றிய மிகப் பழைய அறிக்கைகளுள் ஒன்று, 1954-இல் இந்திய அரசாங்கத்தின் படச்சுருள்களைக் குறித்து எழுந்ததாகும். குளிர்நாட்டில் நெடுநாள் நின்ற பொருள் நம் நாட்டு வெப்பத்தில் நில்லாமற்போகலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆகவே துணைப்பொருள் எதுவாயினும் அதனிடம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். குறித்த தொழிலை அது செய்கின்றதா? நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் சேர்த்த இடத்தில் நிலைத்திருக்கின்றதா? நிலையாது வெளியேறினால் எங்கே, யாரிடம் செல்கின்றது? முதல் வினாவுக்கு மட்டும் விடை தேடிய காலம் முன்னர் இருந்தது. அதன் விளைவைக் குழந்தைகளே மிகுதியும் அனுபவித்தனர். இரசாயனம் பயிலும் நம் மாணவர்கள் நாளை தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பொறுப்பேற்கும்பொழுது, மூன்றாம் வினாவை முதலிற் கேட்கும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக.