ஓர் ஆட்டம் போதுமா?

சிரஞ்சீவி செந்திலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பரீட்சையைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்து உன் அம்மிச்சிக்குப் பரம சந்தோஷம். அதற்குக் கீழே எழுதியிருந்த இரண்டு சங்கதிகள்தாம் எனக்கு உறக்கம் வராமல் செய்துவிட்டன. ஒன்று, 2024இல் புச்சிபாபு கோப்பை ஆட்டங்கள் சில நம் கோவையிலும் சேலத்திலும் நடந்தபோது போய்ப் பார்த்த நாள் தொட்டு உன் மனத்தில் கிடந்துவரும் கேள்வி: "அந்தப் புச்சிபாபு எத்தனை சதம் அடித்தார்? அவருடைய கிளப் எத்தனை கோப்பை வாங்கியது?" மற்றொன்று, நீ சேர்ந்திருக்கும் கிரிக்கெட் அகாடமியில் ஏதேனும் ஓர் ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பதற்காகக் கால்பந்தை அடியோடு நிறுத்திவிட்ட செய்தி. இவை தனித்தனி விஷயங்கள் என்று எண்ணி நீ எழுதியிருக்கிறாய். என் அபிப்பிராயத்தில் இரண்டும் ஒரே தப்பெண்ணத்தின் இரண்டு கிளைகள். விளையாட்டுக் கழகம் என்பது கோப்பை சம்பாதிக்கும் தொழிற்சாலை என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்னைச் சேப்பாக்கத்தில் நீ பார்க்கும் மைதானத்தோடு பிணைந்தது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். அலெக்சாண்டர் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயர் 1846இல் தோற்றுவித்த அந்த ஸ்தாபனம், கிரிக்கெட்டில் தொடங்கி, ஹாக்கி, டென்னிஸ் எனப் பல ஆட்டங்களுக்கும் இடமளித்து வளர்ந்தது. அது நடத்தும் அகில இந்திய ஹாக்கிப் போட்டி 1901இலிருந்து வருவது. ஆனால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்த இடத்துக்கு விளையாடப் போன இந்தியருக்கு மைதானத்துக்குள் அனுமதி இருந்ததே தவிர, பெவிலியன் கட்டிடத்துக்குள் அனுமதி இல்லை. மட்டையை ஒருபுறம் சார்த்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் உணவருந்துவார்கள். எதிரணிக்காரர்கள் கூரையின் கீழ் உண்பார்கள். இதைக் கண்டு மனம் பொறாத ஒரு செல்வந்தர்தான் மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்ற புச்சிபாபு. இருபது வயது இளைஞராய் இருந்த அவர், வெள்ளைக்காரர்களிடம் மனுப் போட்டுக்கொண்டிருக்காமல், 1888இல் கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடு திடலில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, மட்டை, கையுறை, கால்காப்பு, வெள்ளுடை ஆகிய யாவற்றையும் தம் செலவிலேயே வாங்கிக் கொடுத்து, இந்தியர்கள் பழகுவதற்கு ஓர் இடத்தை உண்டாக்கினார்.

அவருடைய குறிக்கோள் அதோடு நிற்கவில்லை. அந்த ஆங்கிலேயர்களுடன் சரிநிகர் சமானமாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பந்தயமாக, ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்க வேண்டுமென்று அவர் விடாமுயற்சியோடு பாடுபட்டார். அதன் பயனாக 1908 டிசம்பர் இறுதியில் முதல் பந்தயம் ஏற்பாடாயிற்று. விதியைப் பார்: பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே, நாற்பது வயதில், அவர் காலமாகிவிட்டார். பின்னர் 1915-16 முதல் 1951-52 வரையில், இடையிடையே தடைப்பட்டாலும், பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் இந்தியர் ஒரு பக்கமும் ஐரோப்பியர் ஒரு பக்கமுமாக ஆடிய பிரசிடென்ஸி பந்தயம், சென்னைவாசிகளுக்குப் பொங்கல் பந்தயமாகவே ஆகிப்போனது. நம் பக்கத்துக் கிராமங்களில் தை மாதத்தில் உறியடியும் வழுக்குமரமும் சடுகுடுவும் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில் அங்கே அது நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் பிரியம். கடைசிப் பந்தயம் முடிந்த சில வாரங்களில், 1952 பிப்ரவரி 10 அன்று, அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்சும் 8 ரன்களும் வித்தியாசத்தில் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினு மன்கட் முதல் இன்னிங்சில் 55 ரன்களுக்கு 8 விக்கெட் எடுத்தார். புச்சிபாபுவின் சதங்களை எண்ண விரும்புகிற நீ, இந்த நிகழ்ச்சிகளையும் அந்தக் கணக்கில் எங்கேயாவது சேர்த்துக்கொள்.

இனி உன் கால்பந்து விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் நீட்டித்துத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்.

புச்சிபாபுவின் மக்களில் ஒருவர் கோட்டா ராமசாமி. தாய்வழிக் குடும்பத்துக்குச் சுவீகாரம் போனதனால் அவர் பெயர் வேறாயிற்று. 1896இல் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் படித்தபோது டென்னிஸில் சிறந்து, 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடினார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, தலைமயிர் நரைக்கும் வயதில், 1936 ஜூலையில் மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் முதன்முறையாக டெஸ்ட் கிரிக்கெட் ஆட இறங்கினார். நாற்பது வயது கடந்த அந்த இடக்கை ஆட்டக்காரர் எடுத்தது 40, 60. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் இரண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56க்கு மேல். 1966இல் அவர் எழுதி வெளியிட்ட 'ராம்பிளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்' என்ற சுயசரிதையை நான் எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். விளையாட்டுக்களின் பித்தர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை. தள்ளாத முதுமையில் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை என்பது அவர் வாழ்க்கையின் சோகமான கடைசிப் பகுதி.

1936இல் இங்கிலாந்து சென்ற அந்த அணியில் அவரோடு இருந்த மற்றொரு சென்னைக்காரரைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அவர் மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன். திருவல்லிக்கேணியில் ஆடிப் பழகியவர், சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கேப்டன் அவருடைய திறமையைக் கண்டு பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டத்தில், முதல் பந்தை வீசியவரும் அவரே. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்து மைசூரைச் சுருட்டிவிட்டார். மறு ஆண்டு, 1935இல், தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் கோபாலன் இருந்தார். ஒரே மனிதர், ஓராண்டில் கிரிக்கெட் பந்து, மறு ஆண்டில் ஹாக்கிக் கோல்!

1936 வந்தது. பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குச் செல்லும் ஹாக்கி அணியில் இடம் பெறவும் அவருக்கு வாய்ப்பு இருந்தது. இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணியிலும் இடம் கிடைத்தது. இரண்டும் ஒரே கோடைக்காலம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். விஜயநகரத்து மகாராஜகுமாரர் கேப்டனாக இருந்து, லாலா அமர்நாத்தை நடுவிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பிய அந்த விசித்திரமான சுற்றுப்பயணத்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது தேதியைக் கவனி. 1936 ஆகஸ்டு 15. அன்று லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கி, இங்கிலாந்து மட்டையாடிக்கொண்டிருந்தது. வாலி ஹாமண்ட் அந்த இன்னிங்சில் 217 எடுத்தார். ராமசாமி அணியில் இருக்கிறார், கோபாலன் இல்லை. அதே தினம் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8க்கு 1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மழையால் ஒருநாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் அது. ஒரு நாள் முன்னதாக நடந்திருந்தால் இந்த இரு நிகழ்ச்சிகளும் ஒரே தேதியில் அமைந்திரா.

"பார்த்தீர்களா அப்புச்சி, இரண்டு ஆட்டத்தில் கால் வைத்தவருக்கு எது மிஞ்சியது?" என்று நீ கேட்பாய். உன் பயிற்சியாளரும் அதைத்தான் சொல்வார். உட்கார்ந்து யோசித்துப் பார், கண்ணு. கோபாலனுக்கு இழப்பு ஏற்பட்டது இரண்டு ஆட்டங்கள் தெரிந்ததனாலா, அல்லது இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டிய நிர்ப்பந்தம் வந்ததனாலா? ஒன்றை விடுகிற அந்தத் தீர்மானம்தான் அவரைப் பெர்லினிலிருந்து தள்ளிவிட்டது. தேசிய அணிக்கு வந்துவிட்ட, வாழ்க்கையின் நடுப்பகுதியில் நின்ற ஒரு வீரனுக்கு வேறு வழியின்றி நேர்ந்த அந்தக் கஷ்டத்தை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, யாரும் கேட்காமலே, முன்கூட்டியே தருகிறார்கள் இந்த அகாடமிக்காரர்கள். அவிநாசி சாலை நெடுக எத்தனை பலகைகள்! மாதத் தவணை, உடுப்புக்குத் தனிப் பணம், தலைக்கவசத்துக்குத் தனிப் பணம். பிள்ளை மரமேறத் தெரிந்தவனா, நீந்தத் தெரிந்தவனா என்று கேட்கிற ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

பல ஆட்டங்களையும் சேர்த்து வளர்க்கும் கழகங்களுக்கு உதாரணமாக, சென்ற மாதம் நீ கேட்ட ஐஸ்லாந்தே என் நினைவுக்கு வருகிறது. 2016 ஜூன் 27 அன்று நீஸ் நகரில் கால்பந்தில் இங்கிலாந்தை 2க்கு 1 என்று வென்ற அந்தத் தேசத்தின் மொத்த ஜனத்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. நம் கோவை மாநகராட்சியில் மட்டும் 2011 கணக்குப்படி பத்து லட்சத்துக்கு மேல். அந்த அணியின் இரு பயிற்சியாளர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சன் பல் வைத்தியர். நான் முதலில் ஐஸ்லாந்தைத் தெரிந்துகொண்டது விளையாட்டின் மூலம் அன்று. 1955இல் நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னெஸ் எழுதிய 'இண்டிபெண்டெண்ட் பீப்பிள்' என்ற நாவலின் வாயிலாகத்தான். கடனோடும் பனியோடும் மல்லுக்கட்டும் ஆட்டுக்காரன் ஒருவனின் கதை அது. படித்த நாட்களில் நம் காங்கேயத்துக் கொறங்காடும், கிளுவை வேலியும், அதனுள் மேயும் மயிலம்பாடி ஆடுகளுமே என் கண்முன் நின்றன. விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தத் தேசத்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் 1899இல் பிறந்தது கே.ஆர். என்ற கழகம். கால்பந்துக் கழகம் என்றே பெயர். ஆனால் கூடைப்பந்து, ஹேண்ட்பால், நீச்சல், இறகுப்பந்து, மேசைப்பந்து, பனிச்சறுக்கு என்று ஆட்டங்கள் அதன் கூரையின் கீழ் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1912இல் ஐஸ்லாந்து தன் முதல் தேசியக் கால்பந்துப் போட்டியை நடத்தியபோது அதை வென்ற கழகமும் இதுதான். 1964இல் லிவர்பூல் அணி ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய முதல் ஆட்டமே இவர்களோடு என்பது உனக்குத் தெரியுமா? ரெய்க்யவிக்கில் 5, லிவர்பூலில் 6, மொத்தம் பதினோரு கோல் வாங்கிக் கே.ஆர். அணியார் தோற்றார்கள். பதிலுக்குப் போட்டது ஒன்றே ஒன்று. அதனால் அந்தக் கழகம் மூடப்பட்டுவிடவில்லை. மறுநாளும் பேட்டைப் பிள்ளைகள் ஒரு கையில் பந்தும் மறு கையில் நீச்சலுடையுமாக வந்திருப்பார்கள்.

அங்கே இன்னொரு கழகம் வாலூர். அது 1911இல் ரெய்க்யவிக்கின் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்து இளைஞர்களிடையே பிறந்தது. அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கம்தான் 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கரைக் கொண்டு சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியது. நம் வட்டாரப் பள்ளிகளில் ஒரு காலத்தில் டிரில் மாஸ்டர்களாக இருந்தவர்களில் பலர் அங்கே பயின்றவர்கள்; ஒரே மனிதர் காலையில் கூடைப்பந்தும் மாலையில் கபடியும் சொல்லிக்கொடுத்ததற்கு அதுவே காரணம். பீளமேட்டுப் பக்கம் கூடைப்பந்து வேரூன்றியதற்கும் அத்தகைய ஆசிரியர்களுக்கும் சம்பந்தமுண்டு என்பது என் சொந்தக் கருத்து. ஆதாரம் கேட்காதே, வாதாட மட்டும் வா.

கே.ஆர். பிறந்த அதே 1899இல் கொழும்பில் தமிழர்கள் ஆரம்பித்தது தமிழ் யூனியன் கிரிக்கெட் அண்ட் அத்லெடிக் கிளப். அதன் பெயரிலேயே இரண்டு விதமான ஆட்டங்கள் கூடியிருக்கின்றன. 1947இல் இதே சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 எடுத்து ஜனங்களைப் பிரமிக்க வைத்த மகாதேவன் சதாசிவமும், பின்னாளில் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த முரளிதரனும் அந்தக் கழகத்தார். சென்னையும் இலங்கையும் ஆண்டுதோறும் மோதிய பந்தயத்துக்குக் கோபாலனின் பெயரையே வைத்தார்கள் என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

ஆகவே, அடுத்த தவணைப் பணத்தைக் கட்டுமுன் உன் பயிற்சியாளரிடம் நயமாகவே கேள்: வாரத்தில் இரண்டு மாலை கால்பந்து ஆடிவிட்டு வந்தால் கிரிக்கெட் வலைப்பயிற்சியில் என்ன குறைந்துவிடும்? அவர் தகுந்த காரணம் சொன்னால் எனக்கும் எழுது, நான் ஏற்கக் கூடியவனே. முழங்கால் வலி, பள்ளி நேரம் என்று அவர் சொன்னால் அது நியாயம். 'ஒன்றே போதும்' என்று மட்டும் சொன்னால், வ.உ.சி. பூங்கா மைதானத்தில் சாயங்காலம் கால்பந்து ஆடுகிற பையன்களிடம் போய் நில். அவர்கள் ஆளில்லாமல்தான் தவிக்கிறார்கள் என்று உன் மாமன் சொன்னான். ராமசாமியின் புத்தகத்தை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் பென்சில் கோடு போடாமல் படித்து, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா.

இப்படிக்கு,
அப்புச்சி