பேத்தியின் பெயரைப் பின்னலாமா?

கேள்வி: பேத்திக்காக குரோஷே போர்வை போடுகிறேன். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக ‘நிலா’ என்று தமிழில் கொண்டுவர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆங்கில எழுத்துக்குத்தான் மாதிரி கிடைக்கிறதே என்று தயங்காதீர்கள். கிராஃப் தாளில் நீங்களே வரையுங்கள். ‘நி’யின் வளைவும் மேல்விலங்கும் தெளிவாகத் தெரிய, அகலத்தில் 30 கண்ணியாவது வேண்டும். ‘லா’வைத் துணைக்காலோடு ஒரே கட்டத்தில் அடக்குங்கள்; பிரித்தால் பார்க்க நன்றாக இருக்காது.

சிங்கிள் குரோஷே கண்ணி பெரும்பாலும் உயரத்தைவிடச் சற்று அகலமாக விழும், எழுத்து சப்பையாகிவிடும். உள்ளங்கை அளவு பின்னிப் பார்த்து, தேவையென்றால் வரிகளைக் கூட்டுங்கள். நிறம் மாற்றுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முந்தைய கண்ணியை முடிக்கும் முன், ஊசியில் இரண்டு வளையம் இருக்கும்போதே புது நூலை இழுத்துவிட வேண்டும். அப்போதுதான் ஓரம் சுத்தமாக நிற்கும். பின்பக்கம் நூல் நீளமாகத் தொங்கவே கூடாது, பிஞ்சு விரல் சிக்கிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், கட்டத்தை ஒரே நிறத்தில் முடித்து, அதன்மேல் சங்கிலித் தையலால் எழுத்தைப் போடுவதே மேல். தமிழ் வளைவுகள் அதில் அத்தனை அழகாக வரும். நம் ஊர் வெயிலுக்கு உல்லன் வேண்டாம். பருத்தி நூலே எடுங்கள்.