முதல் காம்பவுண்ட் வில்: வேகத்தைப் பார்க்காதீங்க, அளவைப் பாருங்க

எங்கள் பல்கலைக்கழக அம்பெய்தல் மன்றத்தில் புதிதாகச் சேருகிற தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணா, குறைஞ்ச விலையில ரொம்ப வேகமான வில் எது?" நான் பதிலுக்கு ஒரு அளவுநாடாவை எடுத்துக் கொடுப்பேன். ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

1. இந்த வில் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1966-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969-இல் அது கிடைத்தது. வில்லின் இரு நுனிகளிலும் 'கேம்' என்ற சக்கரங்கள் இருக்கும். இவை சரியான வட்டமாக இருக்காது. அதனால் நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறி, கடைசியில் சட்டென்று இறங்கும். இந்த இறக்கத்துக்கு 'லெட்-ஆஃப்' என்று பெயர். 50 பவுண்டு (சுமார் 23 கிலோ) வில்லில் லெட்-ஆஃப் 80% என்றால், முழுதாக இழுத்தபின் விரல்கள் தாங்குவது 10 பவுண்டுதான். சாதாரண வில்லில் முழுதாக இழுக்கும்போதுதான் பாரம் உச்சத்தில் இருக்கும். இதில் நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைக்கிறது.

2. முதல் அளவு: இழுநீளம்

கேம் ஒரு குறிப்பிட்ட தூரம் சுற்றியதும் நின்றுவிடும். சுவரில் முட்டியது போல இருக்கும். சாதாரண வில்லை அவரவர் கைக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இழுக்கலாம். இதில் முடியாது. நீளம் தப்பா இருந்தா உடம்புதான் வளையும், முதுகும் தோளும் கெடும்.

அளப்பது சுலபம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, 2.5-ஆல் வகுங்கள். எனக்கு 68 அங்குலம். வகுத்தால் 27 சொச்சம். இது தொடக்கக் கணக்கு. கடையிலோ மன்றத்திலோ இழுத்துப் பார்த்து அரை அங்குலம் திருத்திக்கொள்ளலாம்.

வில் ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்கு ஷீத்தல் தேவியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிறவியிலேயே கைகள் இல்லாத இந்த இந்தியப் பெண், காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17.

3. இரண்டாவது அளவு: இழுவிசை

நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு வில்லை நேராக இழுத்துப் பாருங்கள். வில்லை வானத்துக்குத் தூக்காமல், முகம் சுளிக்காமல் இழுக்க முடிந்தால் அந்தப் பாரம் உங்களுக்குச் சரி. முடியலைன்னா குறைச்சுக்கோங்க, அதில் வெட்கம் எதுவும் இல்லை.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் பாருங்கள். இரு கைகளாலும் ஒரு சின்ன முக்கோண ஓட்டை அமைத்து, அதன் வழியே தூரத்துப் பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண்ணுக்குப் பொருள் நகராமல் தெரிகிறதோ அதுவே ஆதிக்கக் கண். வலது கண் என்றால் வலக்கை வில்.

4. விளம்பர வேகம்

பெட்டியில் 'நொடிக்கு 310 அடி' என்று போட்டிருக்கும். மணிக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர்! ஆனால் அந்த எண் பொதுவாக 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் (சுமார் 22.7 கிராம்) அம்பு என்ற நிலையில் எடுத்தது. இழுநீளம் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 10 அடி குறையும். 27 அங்குலம், 40 பவுண்டில் எய்கிற நமக்கு அந்த எண் கைக்கு எட்டாது. 18 மீட்டர் உள்ளரங்கப் பயிற்சிக்கு அது தேவையும் இல்லை.

5. எதை வாங்கலாம்?

அகலமாக மாற்றியமைக்கக்கூடிய வில்லே மலிவான வில். டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 5 முதல் 70 பவுண்டு வரை, 13 முதல் 31 அங்குலம் வரை மாறும். பேர் க்ரூசர் ஜி2 5 முதல் 70 பவுண்டு, 12 முதல் 30 அங்குலம். இன்று தங்கை பழகலாம், நாளை அண்ணன் பழகலாம். வேகத்துக்காகவே செய்த வில்கள் பலவற்றில் நீளத்தை மாற்றத் தனி உதிரிப்பாகமும் கடைக்காரர் உதவியும் வேண்டும். அது மறைமுகச் செலவு.

கையில் உள்ள பணம் முழுவதையும் வில்லுக்கே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ரிலீஸ் கருவி, கைக்காப்பு, அம்புகள், இலக்குப் பலகை ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். அம்பு, இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் எடை இருக்க வேண்டும். 40 பவுண்டுக்கு 200 கிரெயின். அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் வில்லுக்குள்ளேயே பாய்ந்து அதை உடைத்துவிடும்.

பழைய வில்லா? பஞ்சை எடுத்து வில்லின் கைகள்மேல் தடவுங்கள். பஞ்சு சிக்கினால் விரிசல் இருக்கலாம். நாண் பிசிறியிருந்தால் புது நாண் விலையையும் கணக்கில் சேருங்கள்.

6. வேட்டைக்கு?

அமெரிக்காவில் வில் வேட்டை சட்டப்படி நடக்கிறது. மான் வேட்டைக்குக் குறைந்தது 35 அல்லது 40 பவுண்டு வேண்டும் என்று பல மாநிலங்கள் விதி வைத்துள்ளன. ஒரே அம்பில் உயிர் போகாவிட்டால் அந்த விலங்கு காயத்தோடு ஓடி வதைபடும் என்பதே காரணம். தீபகற்ப மலேசியாவில் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது குற்றம். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உண்டு. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் என் கருத்து இதுதான்: பலகையில் தவறும் அம்பு புள்ளியைக் குறைக்கும், உயிர்மேல் தவறும் அம்புக்குக் கணக்கே கிடையாது. தொடக்கநிலையில் நமக்குப் பலகை போதும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது. ஆசைப்பட நல்ல இலக்கு அதுவே.

செய்து பாருங்கள்: அடுத்த கூட்டத்துக்கு ஓர் அளவுநாடா கொண்டுவந்து, ஒவ்வொருவரின் இழுநீளத்தையும் ஆதிக்கக் கண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வில்லைப் பங்கு போட்டு வாங்க முடியுமா என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.