பளபளப்பில் ஏமாறும் வெப்பமானி

கேள்வி: தொட முடியாத சூட்டில் இருக்கும் எவர்சில்வர் வெந்நீர்ப் பாத்திரம், அகச்சிவப்பு வெப்பமானியில் 37 டிகிரி காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அகச்சிவப்பு உணரி, பரப்பு உமிழும் கதிர்வீச்சை அளந்தே வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பளபளக்கும் எவர்சில்வரின் உமிழ்திறன் (கதிர்வீச்சை வெளியிடும் திறன்) 0.2-க்கும் கீழே, சாதாரணக் கருவியோ 0.95 என்றே கணக்குப் போடும். போதாததற்கு, சுற்றியுள்ள பொருள்களின் கதிர்களும் பாத்திரத்தில் பட்டுத் திரும்பும். பாத்திரத்தில் உமிழ்திறன் மிகுந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சற்றுப் பொறுத்து அதன்மேல் அளந்தால் உண்மை தெரியும்.

கருவியைச் சரிபார்க்க ஐஸ் போதும். நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி, நேர் மேலிருந்து நெருங்கி அளந்தால் 0 டிகிரியை ஒட்டி வரவேண்டும். தள்ளிப் பிடித்தால் பாத்திர விளிம்பும் கணக்கில் சேரும். நெற்றியில் காட்டும் மருத்துவக் கருவிக்கு ஐஸ் சோதனை பொருந்தாது.